எந்த வயல்?

விமானி வானத்தைப் பார்ப்பவன் என்றொரு நம்பிக்கை நாடெங்கும் பரவிக் கிடக்கிறது. பள்ளிக்கூடச் சுவர்களில் அப்படித்தான் வரைந்திருக்கிறார்கள். பேச்சுப் போட்டிகளில் அது பரிசும் வாங்கியிருக்கிறது. முழுத் தவறு. இனியும் தாமதிக்காமல் இதைத் திருத்திக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. வேலை நேரத்தில் வானத்தை ரசிக்கும் விமானியை முதல் காரியமாகக் கீழே இறக்கிவிட வேண்டும். விமானி பார்ப்பது தரையை. இந்த நிமிடம் எஞ்சின் நின்றால் எங்கே போய் விழலாம் என்று பார்க்கிறான். புதிதாகக் கற்றுக்கொள்பவனும் அதைத்தான் பார்க்கிறான், தலை நரைத்தவனும் அதைத்தான் பார்க்கிறான். பயந்தவர்களின் தொழில் அது.

குமுதவல்லி அப்படிப் பயந்து பயந்தே பதினான்கு ஆண்டுகள் விமானப் படையில் சரக்கு விமானம் ஓட்டியவர். அந்த வேலைக்குக் குறுகிய காலப் பணி என்று பெயர். பதினான்கு ஆண்டுகளைக் குறுகிய காலம் என்று சொல்லும் துணிவு அரசாங்கத்துக்குத்தான் உண்டு. அது முடிந்ததும், தெற்கே கரிசல் நிலத்தின் விளிம்பில் இருந்த ஒரு சின்னப் பறக்கும் கழகத்தில் பயிற்றுநராகச் சேர்ந்தார். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைக் குரு என்றார்கள். முகத்துக்கு நேரே மேம்.

இந்த வகைக் கதைகளில் குரு அதிகம் பேசக் கூடாது. குமுதவல்லிக்கு அந்த விதி தெரியாது.

அவரிடம் பறக்கக் கற்றுக்கொண்டவர்களில் ஒருவன் இன்பசேகர். இயந்திரவியல் படித்து முடித்தவன். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவன். படை விமானி ஆவதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை கிடையாது. அதோடு ஒரு கேள்வியும் இருந்தது.

அன்று காலை விமானத்தைச் சுற்றி வந்து இறக்கையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தான்.

"மேம், ஒரு சந்தேகம்."

"நிரந்தரப் பணியா, குறுகிய காலப் பணியா. அதானே?"

"எப்படி மேம் கண்டுபிடிச்சீங்க?"

"போன வாரமும் அதுதான். அதுக்கு முந்தின வாரமும் அதுதான். பொங்கல் வாழ்த்துச் சொல்ல போன் பண்ணவன், பாதியில அதைத்தான் கேட்ட."

இன்பசேகர் வெட்கப்படவில்லை. கேள்வி பெரியது என்பதில் அவனுக்கு உறுதி இருந்தது.

"நிரந்தரம்னா பென்ஷன் உண்டு மேம். பதவி மேல மேல போகும். ஆனா நடுவுல நினைச்சாலும் வெளிய வர முடியாது. குறுகிய காலம்னா பதினாலு வருஷத்துல விட்டுருவாங்க. பயணிகள் விமானத்துக்குப் போயிரலாம். ஆனா அது கிடைக்கலைன்னா நடுத்தெருதான்."

"நடுத்தெருன்னா? என்னை மாதிரியா?"

"ஐயோ, அப்படிச் சொல்லல மேம்."

"சொல்லு, சொல்லு. இன்னும் ஏதோ தொண்டையில நிக்குதே."

"மூணாவதா ஒரு வழி இருக்கு மேம். வேற வேலையில இருந்துக்கிட்டே, மாசத்துல ஒரு சனி ஞாயிறு மட்டும் போய்ப் படை விமானம் ஓட்டலாம். போர்னா கூப்பிடுவாங்க. இல்லைன்னா வீட்டுல இருக்கலாம்."

"எங்கே?"

"அமெரிக்கால."

"நீ எந்த ஊரு?"

"அருப்புக்கோட்டை மேம்."

"சரி."

குமுதவல்லி எரிபொருளைச் சோதித்தார். பிறகு சக்கரத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"முதல் ரெண்டு வழிக்கும் அந்த மெஷின் தேர்வு ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான் மேம்."

அவன் குரல் இறங்கிவிட்டது.

படை விமானி ஆக விரும்புகிறவனை ஒரு திரைக்கு முன்னால் உட்காரவைத்து, கைக்கு ஒரு பிடியும் காலுக்கு இரண்டு பெடலும் கொடுத்துச் சோதிப்பார்கள். கையும் காலும் கண்ணும் சேர்ந்து வேலை செய்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஆயுளில் ஒரே ஒரு முறை. தேறாவிட்டால் வேறு எந்த வழியாக வந்தாலும், எந்த ஆண்டு வந்தாலும், படை விமானத்தின் முன் இருக்கை கிடையாது. இன்பசேகர் அந்தத் தேர்வுக்கு இரண்டு வாய்ப்புகளை நழுவவிட்டிருந்தான். முதல் தடவை எந்த வழி என்று முடிவாகவில்லை. இரண்டாம் தடவையும் முடிவாகவில்லை. இப்போது மூன்றாவது வாய்ப்பு. பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதை விட்டால் வயது தாண்டிவிடும்.

தேர்வுக்குப் போகாதவரை அவன் தேறாதவன் இல்லை. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தனக்கும் சொல்லிக்கொண்டதில்லை.

"ஏறு" என்றார் குமுதவல்லி.

அருகருகே இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். தோளோடு தோள் இடிக்கும். ஓடுபாதையை விட்டு எழும்பி, நெடுஞ்சாலையைத் தாண்டி, மூவாயிரம் அடிக்குப் போனார்கள். கீழே இடப்பக்கம் வற்றிப்போன கண்மாய் ஒன்று வெள்ளைத் தட்டு மாதிரி கிடந்தது. வலப்பக்கம் பருத்தி எடுத்து முடித்த கரிசல் காடு. எதிரே கொஞ்சம் செம்மண் பூமி, அதற்கப்பால் கண்ணுக்கு எட்டிய மட்டும் கருவேலம்.

காதில் மாட்டிய கருவியில் இன்பசேகரின் குரல் வந்தது.

"மேம், நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க?"

குமுதவல்லி கையை நீட்டி, எஞ்சினுக்கு வேகம் கொடுக்கும் த்ராட்டிலை முழுவதும் வெளியே இழுத்தார்.

உறுமல் அடங்கியது. காற்றின் சத்தம் மட்டும் மிஞ்சியது. முன்னால் விசிறி தளர்வாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"எஞ்சின் போச்சு" என்றார். "எந்த வயல்?"

இது பாடத்தில் உள்ளதுதான். எல்லாப் பயிற்றுநர்களும் செய்வார்கள். எஞ்சின் நின்றதாக வைத்துக்கொண்டு, மாணவன் ஒரு வயலைத் தேர்ந்து அதை நோக்கி மிதந்து இறங்க வேண்டும். ஐந்நூறு அடிக்கு வந்ததும் பயிற்றுநர் த்ராட்டிலைத் தள்ளுவார். விமானம் மறுபடி மேலே போகும். யாரும் உண்மையில் வயலில் இறங்குவதில்லை.

"கண்மாய், மேம்" என்றான் இன்பசேகர். விமானத்தை இடப்பக்கம் திருப்பினான்.

கண்மாய் நெருங்கியது. வெள்ளையாகத் தெரிந்த தரையில் இப்போது வெடிப்புகள் தெரிந்தன. சக்கரம் மாட்டுகிற அளவு வெடிப்புகள்.

"மேம், கரிசக்காடு இன்னும் சமமா இருக்கு."

"அப்படியா?"

அவன் வலப்பக்கம் திருப்பினான். திருப்பும்போது உயரம் கரைந்தது. கரிசல் காடு நெருங்கியது. அதன் நடுவில் ஒரு மின்கம்பி போவதைப் பார்த்தான். கம்பி கண்ணுக்குத் தெரியவில்லை, கம்பங்கள்தான் தெரிந்தன.

"கம்பி இருக்கு மேம்."

"இருக்கு."

"கண்மாயில கம்பி இல்ல."

"இல்ல."

அவன் மறுபடி இடப்பக்கம் பார்த்தான். கண்மாய் இப்போது எட்டாத தூரத்தில் இருந்தது. மறுபடி வலப்பக்கம் பார்த்தான். கம்பிக்கு முன்னால் இறங்க இடம் போதும்போல இருந்தது; போதாதுபோலவும் இருந்தது. எதையும் முடிவு செய்யாமல் நேரே போய்க்கொண்டிருந்தான். உயரமானி முள் இறங்கிக்கொண்டே இருந்தது. அவன் காத்திருந்தது குமுதவல்லியின் கைக்காக. அது வந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

ஐந்நூறு அடியில் அந்தக் கை வந்தது. த்ராட்டிலைத் தள்ளியது.

எஞ்சின் இருமியது. ஒரு முறை குலுங்கியது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. முன்னால் விசிறி ஒரு பலகை மாதிரி நின்றது.

இது பாடத்தில் இல்லை.

இப்படி மிதந்து இறங்கும்போது நடுநடுவே எஞ்சினுக்குக் கொஞ்சம் வேகம் கொடுத்துச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது குளிர்ந்துபோய், கேட்கும்போது எழுந்திருக்காது. குமுதவல்லி இதை ஒவ்வொரு மாணவனுக்கும் முதல் வாரத்திலேயே சொல்லுவார். அன்று அவர் இன்பசேகரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டார்.

"மேம்" என்றான் இன்பசேகர்.

"கண்ட்ரோல் என்கிட்ட" என்றார் குமுதவல்லி.

அவன் கையை எடுத்துக்கொண்டான். அவர் இடப்பக்கம் பார்க்கவில்லை. வலப்பக்கம் பார்க்கவில்லை. ஒரு கையால் சாவியைத் திருகிப் பார்த்தார். விசிறி அசைந்து கொடுத்து மறுபடி நின்றது. இரண்டாம் தடவை திருகவில்லை. விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினார். எதிரே கடலை பிடுங்கிய செம்மண் துண்டு ஒன்று இருந்தது. குறுகலாக இருந்தது. அதில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கடைசியில் ஒரு வரப்பு இருந்தது. பார்க்கப் பார்க்க மோசமான இடம்.

"கதவைத் திறந்து வை" என்றார். "இடிச்சா மாட்டிக்கும்."

இன்பசேகர் கதவைத் திறந்தான். காற்று உள்ளே பாய்ந்தது. ஆடுகள் நாலாபக்கமும் சிதறின. ஒரு பெண் கம்பைப் போட்டுவிட்டு ஓடுவது தெரிந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

சக்கரம் மண்ணில் அடித்தது. எகிறியது. மறுபடி அடித்தது. பல்லோடு பல் மோதியது. மண் கட்டிகள் விமானத்தின் வயிற்றில் அறைந்தன. கடைசியில் வரப்பு முன்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியது. சக்கரம் ஒடிந்தது. விமானம் தலையைக் குனிந்து நின்றது.

புழுதி அடங்கச் சிறிது நேரம் ஆனது.

"அடிபட்டிருக்கா?"

"இல்ல மேம்."

"இறங்கு."

அவன் இறங்கினான். அவர் இறங்கவில்லை. எட்டிப் பார்த்தான். குமுதவல்லி பெல்ட்டைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் கொக்கியைத் தொட்டுத் தொட்டு நழுவின. அவனே சாய்ந்து கழற்றிவிட்டான்.

"உங்களுக்கும் பயமா மேம்?"

"இப்பதான் வருது. வரட்டும்."

இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்தார்கள். குமுதவல்லி போனில் கழகத்தை அழைத்து, இடத்தைச் சொல்லி, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். எஞ்சினைச் சூடாக வைக்க மறந்தது தான்தான் என்பதையும், யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

ஆடு மேய்த்த பெண் திரும்பி வந்தாள். ஐம்பது வயது இருக்கும். ஆடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, விமானத்தைப் பார்த்தாள். அப்புறம் இவர்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்மா, கண்ணு தெரியாதா உங்களுக்கு? அங்கிட்டு கரிசக்காடு எம்புட்டு எடம் கெடக்கு. இங்கிட்டு கம்மாய் கெடக்கு. ரெண்டையும் விட்டுப்புட்டு இந்த முக்குக்குள்ள கொண்டாந்து சொருகிருக்கீகளே?"

"ஆமாக்கா" என்றார் குமுதவல்லி.

"அந்தத் தம்பி ஓட்டுனானா?"

"நான்தான் ஓட்டினேன்."

"அதான பார்த்தேன்" என்றாள் அவள். தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். குமுதவல்லி குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது. அவள் புட்டியை வாங்கிக்கொண்டு, ஆடுகளை அதட்டியபடி போனாள்.

இன்பசேகர் கரிசல் காட்டைப் பார்த்தான். இங்கிருந்து பார்க்க அது தாராளமாகத்தான் இருந்தது. கண்மாயையும் பார்த்தான். அதுவும் ஒன்றும் மோசமில்லை.

"அந்த அக்கா சொல்றது சரியா மேம்?"

"எது?"

"ரெண்டுல ஒண்ணு நல்ல வயலா இருந்திருக்கும். எதுன்னுதான் எனக்குக் கடைசி வரைக்கும் தெரியல. எது மேம் நல்ல வயல்?"

குமுதவல்லி சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"ரெண்டுமே நல்ல வயல்தான்டா. உயரம் இருந்தப்போ."

கழகத்து ஜீப் வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டது.

விமானத்தின் இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். குமுதவல்லியை இரண்டு மாதம் பறக்க விடவில்லை. இன்பசேகர் வியாழக்கிழமை குறுகிய காலப் பணிக்குப் பெயர் கொடுத்தான். தேர்வுக்குப் போகும் வழியில் ரயிலில் இரண்டு முறை வாந்தி எடுத்தான்.