பழச்சாறு என்று சொன்ன ஒயின்

புதுச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி உணவகம் நடத்திவந்தார் பெலிசியா. அவரிடம் ஒயின் பரிமாறக் கற்றுக்கொள்ள வந்தவர் சவரிநாதன். வயதில் அவரைவிட மூத்தவர். கப்பல் வேலையில் ஊர் ஊராகக் குடித்துப் பழகிய நாக்கு. பீப்பாயில் வருஷக்கணக்காய்க் கிடந்து துவர்ப்பேறியதுதான் சிவப்பு ஒயின், மற்றதெல்லாம் வெறும் பழச்சாறு என்பது அவர் கட்சி. பெலிசியா மறுத்துப் பேசியதில்லை.

ஒரு மதியம் அக்காவும் தங்கையுமாக இருவர் வந்தார்கள். வீட்டைப் பாகம் பிரித்ததில் முறிந்த உறவு, வருஷக்கணக்காய்ப் பேச்சில்லை. பிரான்ஸிலிருந்து வந்திருந்த தங்கைதான் முந்தின நாளே பெலிசியாவிடம் இதைச் சொல்லி மேசை பிடித்திருந்தாள். மீன் குழம்பும் சிவப்பு ஒயினும் கேட்டார்கள். அந்த மேசையைப் பெலிசியா சவரிநாதனிடம் விட்டார்.

இருப்பதிலேயே கனமான, துவர்ப்பேறிய ஒயினைத் திறந்து, அது விளைந்த மண்ணைப் பற்றியும் விளக்கினார் சவரிநாதன். இருவரும் குடித்துப் பார்த்துப் பாராட்டினார்கள்.

பிறகு குழம்பு வந்தது. ஒயினோடு சேர்ந்ததும் காரம் தீயாய்ப் பிடித்தது. மீன் இரும்பாய்க் கசந்தது. அக்கா தட்டைத் தள்ளிவைத்தாள். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் தொடங்கியிருந்த பேச்சும் நின்றுபோனது.

குழம்பில் மிளகாய் கூடிவிட்டதென்று சவரிநாதன் சமையற்கட்டில் சத்தம் போட்டார்.

பெலிசியா மேசையிலிருந்த கிளாஸ்களை எடுத்துவிட்டு, இளசான, பழவாசம் வீசும் மெல்லிய சிவப்பு ஒயின் ஒன்றை ஐஸ் வாளியில் லேசாகக் குளிரவைத்து வேறு கிளாஸ்களில் ஊற்றினார்.

"குழம்பு ஆறிடப்போகுது, சாப்பிடுங்க" என்றார்.

அக்கா தட்டை மறுபடி பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். ஒரு வாய் குழம்பு, ஒரு மடக்கு ஒயின், பிறகு இன்னொரு வாய். அம்மா வைக்கிற குழம்பில் மாங்காய் கிடக்கும் என்றாள். இல்லை, புளிதான் என்றாள் தங்கை. மெல்ல வழக்கு முற்றி, இருவரும் சிரித்துவிட்டார்கள். தங்கை தன் மீனின் நடுத்துண்டை எடுத்து அக்காவின் தட்டில் வைத்தாள்.

சவரிநாதன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், நான் ஊத்தினதை ரெண்டு பேரும் பாராட்டினாங்க. இதைப் பத்தி ஒரு வார்த்தைகூடச் சொல்லலை. அப்படி என்னதான் இருக்கு இதுல?"

பெலிசியா பாட்டிலை அவர் கையில் கொடுத்தார்.

"கிளாஸ் காலியாயிடுச்சு சார். அவங்க பேச்சு நிக்காம ஊத்திட்டு வாங்க."