பனியில் ரோட்டை ஓட்டியவர்

சோலையப்பன் பொய் சொல்கிற ஆள் இல்லை. நடந்ததை நடந்த அளவோடு நிறுத்தத் தெரியாத ஆள், அவ்வளவுதான். முப்பத்தேழு வருஷம் கூடவே குடித்தனம் நடத்திய பவுனம்மா தன் புருஷனைப் பற்றிச் சொல்வது இது. திண்டுக்கல் டிப்போவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷர். ஓட்டிய காலத்திலேயே அவர் பஸ்ஸைவிட அவர் வாய் ஒரு ஸ்டாப்பிங் முன்னால் போகும் என்று பேச்சு. போன வருஷம் கனடாவில், எட்மன்டன் ஊரில், மகன் திருமலை வீட்டில் பவுனம்மாவோடு குளிர்காலம் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்த வாய்க்கு பிரேக் என்று ஒன்று இருந்ததே மறந்துபோனது.

கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள், டிப்போவில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் குடும்பத்தோடு ஒரு வாடகை வேன் பிடித்துக் கொடைக்கானலுக்குக் கல்யாணத்துக்குப் புறப்பட்டார்கள். வத்தலக்குண்டு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மலையடிவாரம் வந்தபோது வேன் டிரைவர் ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தினார். காலையிலிருந்தே அவருக்கு நடுக்கம். தொட்டுப் பார்த்தால் தோசைக்கல் மாதிரி கொதித்தது. "ஐயா, இனிமே என்னால ஆகாது. கண்ணை இருட்டிக்கிட்டு வருது" என்று முன் சீட்டில் இருந்தவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, எதிரே வந்த திண்டுக்கல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

வேனில் டிரைவருக்குப் பஞ்சமில்லை. பாதிப் பேர் டிரைவர்கள்தான். அதிலும் காஜா மைதீன் இதே கொடைக்கானல் ரூட்டில் பத்தொன்பது வருஷம் ஓட்டியவர். எந்த வளைவில் எந்தப் பாறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எல்லார் கண்ணும் காஜா பக்கம்தான் போனது. ஆனால் முன் சீட்டில் இருந்தவர் சோலையப்பன்; சாவி இருந்ததும் அவர் கையில்.

"மழை கொஞ்சம் விடட்டும். நான் ஏத்திடறேன்" என்றார் சோலையப்பன்.

இந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாத இரண்டு விஷயங்கள் பவுனம்மாவுக்குத் தெரியும். அவருடைய வலது கண்ணில் புரை. மதுரையில் டாக்டர் உடனே ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். இவர் தீபாவளி போகட்டும் என்றார், இப்போது பொங்கல் போகட்டும் என்கிறார். மழையில் எதிரே லைட் போட்டு வண்டி வந்தால் பூவாணம் வெடித்த மாதிரி சிதறித் தெரிகிறது என்று அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அதுவும் திருமலைக்குத் தெரியக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு.

இரண்டாவது, கனடாவில் இவர் கார் ஓட்டிய கதை. மொத்தம் பதினோரு அடி தூரம். ஒரு நாள் காலை மகன் குளித்துக்கொண்டிருந்தபோது சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வாசல் முழுக்கக் கண்ணாடி போட்ட மாதிரி ஐஸ். கார் தன் பாட்டுக்குச் சறுக்கிப் போய்ப் பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டிகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது. திருமலை ஒரு வார்த்தை திட்டவில்லை. சாவியை அன்றிலிருந்து சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டான். திட்டியிருந்தால்கூட இவர் தாங்கியிருப்பார். மிச்சக் குளிர்காலம் பூராவும் ஜன்னலோரம் நின்று, ஊரார் ஓட்டுகிற கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை டிப்போ ஆட்கள் முன்னால் சொன்னால் மனுஷர் அப்புறம் அவர்கள் மத்தியில் தலை நிமிர மாட்டார். சொல்லாவிட்டால் ஒரு வேன் நிறைய ஜனம் இந்த மழையில் இவரை நம்பி மலை ஏறும். பவுனம்மா டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே" என்றார் காஜா மைதீன், பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே. "மேல மேகம் இறங்கியிருக்கு. நனைஞ்ச ரோடு வேற. பழகுன ரூட்டு, நான் வேணா ஓட்டட்டுமா?"

சோலையப்பனுக்கு அது போதும்.

"மழையா? இதுக்குப் பேரு மழையா காஜா? எட்மன்டன்ல குழாயைத் தொறந்தா இதைவிட வேகமா வரும். தண்ணி இல்ல, ஐஸ்! மைனஸ் நாப்பது. திருமலையோட சின்னக் கார்ல ஒரு நாள் கடைக்குப் போயிருந்தேன். பத்து மணி வெயில். வெயில்னா வெளிச்சம் மட்டும்தான், சூடு கிடையாது. காரை ரோட்டோரம் நிறுத்துனேன். காரோட நிழல் ரோட்டுல விழுந்துச்சா, விழுந்த நிழல் அப்படியே உறைஞ்சு ரோட்டோட ஒட்டிக்கிச்சு. எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன். சாயங்காலம் அந்தப் பக்கம் போனா, நிழல் மட்டும் அங்கயே நிக்குது. போலீஸ்காரன் அது மேல சீட்டு ஒட்டிட்டுப் போயிருக்கான், இங்க வண்டி நிறுத்தக் கூடாதுன்னு."

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"அப்ப கார் நிழல் இல்லாமலா ஓடுச்சு?" என்று கேட்டார் காஜா.

"ஒரு வாரம் ஓடுச்சு. மைலேஜ் வேற கூடுச்சு. வெயிட் குறைஞ்சுருச்சுல்ல."

பழைய கண்டக்டர் லூர்துசாமிக்குப் புரையேறியது. அவர் பெண்சாதி முதுகைத் தட்டினாள். சோலையப்பன் சாவியை விரலில் மாட்டிச் சுற்ற ஆரம்பித்தார். சபை கூடிவிட்டது என்று அர்த்தம்.

"சின்னக் காரை விடுங்க. பக்கத்து வீட்டு பல்விந்தர் சிங்குகிட்ட ஒரு பிக்கப் வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். டயர் ஒவ்வொண்ணும் இந்தக் கடை உசரம். அண்ணே, நீங்கதான் ஓட்டணும்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு."

"பஞ்சாபிக்காரர் அண்ணேன்னாரா?"

"பாசம் வந்தா பாஷை தானா வரும் காஜா. கேளு. அந்த ஊர்ல ஏரியெல்லாம் உறைஞ்சு கெடக்கும், அது மேலதான் வண்டி ஓட்டுவாங்க. திங்கக்கிழமை காலையில ஏரிக்குள்ள இறக்குனேன். எதிர்ல ஒரு மான். பிரேக்கை அமுக்குனேன். அமுக்குனா? வண்டி சறுக்குது, சறுக்குது, சறுக்கிக்கிட்டே இருக்கு. பதறலையே நான். சீட்டைச் சாச்சு ஒரு தூக்கம் போட்டேன். எந்திரிச்சு முகச்சவரம் பண்ணேன். வியாழக்கிழமை மத்தியானம் கரெக்டா மானுக்கு அரை அடி முன்னால வண்டி நின்னுச்சு."

"மான் நாலு நாளு அங்கயே நின்னுச்சா?"

"அதுவும்தான சறுக்கிக்கிட்டு இருந்துச்சு!"

லூர்துசாமி கைதட்டினார். காஜா மைதீன் அசையவில்லை. "நாலு நாளு சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க?"

"இவதான்" என்று பவுனம்மாவைக் காட்டினார் சோலையப்பன். "கூடவே நடந்து வந்து ஜன்னல் வழியா ஊட்டுனா. கேளு, பக்கத்துலதான உக்காந்திருக்கா."

காஜா திரும்பினார். "செவ்வாக்கிழமை என்ன சாப்பாடு மதினி?"

"எலுமிச்சம்பழச் சாதம்" என்றாள் பவுனம்மா.

சொன்னபிறகுதான் அவளுக்கே திக்கென்றது. வாயிலிருந்து அது இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. சோலையப்பன் முகத்தில் ஒரு பூரிப்பு. அதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

அப்புறம் கரண்ட் கார் வந்தது. பேட்டரியில் ஓடுகிற வண்டி, சத்தமே கிடையாது, மருமகளின் அண்ணனுடையது. நடு ரோட்டில் கண்ணுக்கே தெரியாத கருப்பு ஐஸில் சக்கரம் ஏறியதாம். வண்டி நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்ற ஆரம்பித்ததாம். "ஒரு சுத்து, ரெண்டு சுத்துன்னா பரவால்ல. நூத்தியெட்டு வரைக்கும் எண்ணுனேன், அதுக்கு மேல கோயிலைச் சுத்துன புண்ணியம் போதும்னு விட்டுட்டேன். சுத்துற வேகத்துல ஐஸைத் துளைச்சுக்கிட்டு வண்டி கீழ இறங்குது. நம்மூர் போர்வெல் மாதிரி. முன்னூறு அடியில சுடுதண்ணி பீச்சிக்கிட்டு வந்துச்சு பாரு, அப்படியே என்னையும் காரையும் தூக்கி ரோட்டுல வச்சிருச்சு. இன்னைக்கும் அந்தத் தெருவே அதுலதான் குளிக்குது."

"எந்தத் தெரு?" என்றார் காஜா.

"சொன்னா உனக்குத் தெரியவா போகுது?"

மழை இதற்குள் தூறலாகிவிட்டது. மலை மேல் மேகம் மட்டும் போகவில்லை. முதல் வளைவுக்கு அந்தப் பக்கம் ரோடு வெள்ளையாக மறைந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து ஒரு லாரி லைட் போட்டுக்கொண்டு இறங்கி வந்தது. பவுனம்மா லாரியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். வலது கண்ணை இறுக்கி மூடி, தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டார். லாரி போனபிறகுதான் திறந்தார்.

காஜா மைதீன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இருட்டறதுக்குள்ள மேல போயிரணும். சாவியைக் குடுங்கண்ணே."

"இரு காஜா. முக்கியமானதை இன்னும் சொல்லலையே!" சோலையப்பன் சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். "பிப்ரவரி மாசம். பேய்ப் பனி. ஆளு உயரத்துக்குக் கொட்டிக் கெடக்கு. ஊர்ல பனி தள்ளுற வண்டிக்கு டிரைவர் இல்ல, அத்தனை பேரும் வீட்டுக்குள்ள உறைஞ்சு கெடக்கான். மேயரு நேரா நம்ம வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு. அவருக்காக ஏறுனேன். எனக்குப் பின்னால நாப்பத்திரண்டு கார், பெருசும் சிறுசுமா, நான் போட்ட தடத்துலயே வருது. ஒரு பெரிய இறக்கம். அங்கதான் அது நடந்துச்சு. வண்டி சறுக்கல காஜா. ரோடு சறுக்குச்சு! அடியில ஐஸ் கட்டி, ரோடே கழண்டு, வீடு, விளக்குக் கம்பம், நாப்பத்திரண்டு கார் எல்லாத்தோடயும் ஆத்தைப் பாத்து இறங்குது. நான் என்ன பண்ணேன்? ரிவர்ஸ் கியர் போட்டேன். சக்கரத்தை ரோட்டுல நல்லா ஊனி, மொத்த ரோட்டையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்துனேன். எல்லாரும் ரோட்டுல வண்டி ஓட்டுவான். நான் ரோட்டையே ஓட்டுனவன். எனக்குப் போயி கொடைக்கானலா?"

காஜா மைதீன் இந்தத் தடவை அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் பவுனம்மாவிடம் வந்தார்.

"மதினி, நீங்க அந்த ஊர்ல கூடத்தான இருந்தீங்க. பிள்ளைகுட்டியோட இத்தனை பேரு ஏறப் போறோம். உள்ளதைச் சொல்லுங்க. ரோடு நகந்துச்சா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சோலையப்பனும் பார்த்தார். எட்மன்டனில் ஜன்னலோரம் நின்றபோது அவர் முகம் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது இப்போதும். பவுனம்மா கிளாஸைக் கீழே வைத்தாள்.

"நகந்துச்சு" என்றாள்.

சோலையப்பன் நெஞ்சு ஒரு சாண் உயர்ந்தது.

"நகந்தது நிசந்தான் தம்பி. இவரு ரிவர்ஸ் போட்டதும் நிசந்தான். ஆனா வண்டி எங்க அசைஞ்சுச்சு? சக்கரம் சும்மா சுத்துது. நான் பின் சீட்டுல இருந்தேன். இவருக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன், ஒரு கையில சாம்பார்த் தூக்கு. சரி, நம்ம இறங்குனாத்தான் ஆகும்னு இறங்குனேன். துணி காயப்போடுற கயித்தை வண்டி பின்னால கட்டி, இடுப்புல ஒரு சுத்துச் சுத்தி, இழுத்தேன் பாருங்க. வண்டி வந்துச்சு. வண்டியோட ரோடு வந்துச்சு. ரோட்டோட வீடு, கம்பம், நாப்பத்திரண்டு காரும் வந்துச்சு. ஒரு வீட்டுல மாவு ஆட்டிக்கிட்டு இருந்தா ஒரு பொண்ணு, அவ கிரைண்டரு கூட நிக்கல. இழுத்து மேட்டுல சேத்துட்டுத் தூக்கைத் தொறந்து பாக்குறேன், சாம்பார் ஒரு சொட்டு சிந்தல."

லூர்துசாமி வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"அதுலதான் என் முட்டி தேஞ்சுபோச்சு" என்றாள் பவுனம்மா, முழங்காலைத் தடவிக்கொண்டே. "டாக்டரு இனிமே கனம் இழுக்கவே கூடாதுன்னுட்டாரு. இவரு மலையில வண்டி எடுத்தா நான்தான் இறங்கி இழுத்தாகணும். நீங்க ஓட்டுனா இழுக்க வேண்டியது வராது. அதான் யோசிக்கிறேன்."

"பொய்!" சோலையப்பன் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார். "பச்சைப் பொய்! இவ அந்த வண்டியில ஏறவே இல்ல! கூசாம எப்படிப் புளுகுறா பாருங்கப்பா!"

கடை அதிர்ந்தது. லூர்துசாமி மேசையில் கவிழ்ந்துவிட்டார். டீக்கடைக்காரர் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சோலையப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் பக்கம் பேச ஒரு ஆள் இல்லை. கடைசியில் பெண்சாதியைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. வலது கண்ணை மட்டும் ஒரு விரலால் லேசாகத் தொட்டுக் காட்டினாள், அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி. உயர்ந்த நெஞ்சு மெதுவாக இறங்கியது.

காஜா மைதீன் கையை நீட்டினார். "வந்ததுல இருந்து கேட்டுக்கிட்டு இருக்கேண்ணே. மதினி சொன்னது ஒண்ணுதான் நம்புற மாதிரி இருக்கு."

சாவி கை மாறியது.

வேன் மலை ஏறியது. காஜா மைதீன் ஹாரன் அடித்து அடித்து, மேகத்துக்குள் ஒவ்வொரு வளைவாகத் தடவித் தடவி ஏற்றினார். எதிரே வருகிற வண்டிகள் பத்தடியில்தான் தெரிந்தன. பவுனம்மா பக்கத்தில் சோலையப்பன் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்று கொண்டை ஊசி வளைவு தாண்டியும் அவள் பக்கம் திரும்பவில்லை. அவருக்கு மனசு ரொம்பத்தான் நொந்துவிட்டதோ என்று அவளுக்கு உள்ளூர அடித்துக்கொண்டது.

நாலாவது வளைவு திரும்பியதும் அவர் மெதுவாக அவள் காதுப் பக்கம் குனிந்தார்.

"எல்லாம் சரி பவுனு" என்றார். "சாம்பார் சிந்தலைன்னது மட்டும் கொஞ்சம் ஓவர்."