போச்சு

மடத்தில் ஆளுக்கொரு குறை என்றால் சிவபாதத்துக்கு வைஃபைதான் குறை. மனைவி போன பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே சீடராக வந்து சேர்ந்தவர், அறுபதைத் தாண்டிய மனிதர். குரு நல்லம்மைக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். காவி கட்டுவதற்கு முன்னால் ஒரு இன்டர்நெட் கம்பெனியில் போன் எடுத்து ஊரார் குறை கேட்கிற உத்தியோகம் பார்த்தவர் நல்லம்மை. மடத்துக்கு வந்தும் அதே வேலைதான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சிவபாதத்துக்கு ஒரே மகள், செண்பகவடிவு. மஸ்கட்டில் நர்ஸ். வெள்ளிக்கிழமை தவறாமல் வீடியோவில் கூப்பிடுவாள். மனிதர் மனசு விட்டுப் பேச ஆரம்பிக்கிற நேரம் பார்த்துப் படம் போய்விடும். வாரா வாரம் இதே கூத்து. இப்படியே போனால் பேச்சு நின்றுபோகும், மகளும் கையை விட்டுப் போய்விடுவாள் என்று உள்ளூரப் பயந்துகொண்டிருந்தார்.

முதலில் அவர் வந்து புலம்பியபோது குரு நேரே போய் வைஃபை பெட்டியைத் தேடினார். எலி ஒயரைக் கடித்துவிடும் என்று சிவபாதமே அதைத் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தார். பூ சாத்தாததுதான் பாக்கி.

"உள்ள போட்டு மூடினா அது எப்படிய்யா வெளிய பேசும்?" என்று குரு அதை எடுத்து அலமாரி மேல் வைத்தார். மடம் முழுக்க நெட் பிய்த்துக்கொண்டு வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் படம் போனது.

மறுநாள் காலை குரு சமையல்கட்டில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார். சிவபாதம் வந்து நின்றார்.

"அம்மா, நெட் போச்சு."

குரு ஒரு வாழைக்காயை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"வணக்கம். சொல்லுங்கய்யா, என்ன உதவி வேணும்?"

"நெட் போச்சும்மா."

குரு வாழைக்காயைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா வச்சிட்டீங்க?"

"போச்சுன்னா நான் எங்க போய்த் தேட? மறுபடி கூப்பிடுங்க."

வேறு வழியில்லாமல் சிவபாதமும் ஒரு வாழைக்காயை எடுத்துக் காதில் வைத்தார்.

"கம்பெனிக்காரன் சரியில்லம்மா. அன்னிக்கு மழை பெஞ்சதுல டவர்ல ஏதோ கோளாறு."

குரு எடுத்த காயை மறுபடி வைத்துவிட்டார்.

"காரணத்தை நான் கேக்கலய்யா. நீங்க கண்டதைச் சொல்லுங்க."

சிவபாதம் வாழைக்காயைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"நேத்து காலையில கூடத்துல உக்காந்து மக கூடப் பேசிட்டிருந்தேன். திடீர்னு படம் கறுப்பாயிடுச்சு. சத்தமும் இல்ல."

"அப்ப மத்தவங்களுக்கு நெட் இருந்துச்சா?"

"நம்ம சமையல்காரர் கோலப்பன் பக்கத்துலயே சினிமா பாத்துட்டிருந்தார். அது நிக்கவே இல்ல. அதாம்மா எனக்கு எரிச்சலே."

"வேற யார்கிட்ட பேசினாலும் போகுதா?"

"என் தம்பிகிட்ட வீடியோவுல மணிக்கணக்கா பேசறேன். போகல."

"படம் போறதுக்கு முன்னால என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"ஒண்ணும் பண்ணல. பேசிட்டுதான் இருந்தேன்."

"என்ன பேசினீங்க?"

சிவபாதத்தின் காதிலிருந்து வாழைக்காய் இறங்கியது.

"அவ அம்மாவைப் பத்தி. கடைசி நேரத்துல உன்னைத்தான் கேட்டா, வாசலையே பாத்துட்டுக் கெடந்தான்னு சொன்னேன். அவளுக்கு லீவு கிடைக்கல, வர முடியல. நான் குத்தமா சொல்லலம்மா, சத்தியமா. வேற யார்கிட்டதான் நான் சொல்ல?"

"அதுக்கு முந்தின வாரம்?"

"அன்னிக்கும் அந்தப் பேச்சுதான்."

"படம் போனதும் என்ன பண்ணுவீங்க?"

"போச்சுன்னு சிவப்புப் பட்டனை அமுக்கிடுவேன். அப்புறம் அவளே மெசேஜ் போடுவா, ஆமாப்பா, இங்க நெட் சரியில்லன்னு."

குரு கையிலிருந்த காயை நறுக்கித் தண்ணீரில் போட்டார்.

"இப்ப எனக்குச் சொன்னீங்களே, இதே மாதிரி அவகிட்ட சொல்லுங்கய்யா. காரணத்தை மட்டும் நீங்களா சேக்காதீங்க. அதை அவ சொல்லட்டும்."

அந்த வாரம் முழுக்க சிவபாதம் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை வந்ததும் குருவைக் கூடவே உட்காரச் சொன்னார். மகள் முகம் தெரிந்தது. சாப்பிட்டியா, தூங்கினியா என்று ஒரு சுற்று வந்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"வடிவு, நான் அம்மா பேச்சை எடுத்தா உன் படம் போயிடுது. வேற யார் கூடப் பேசினாலும் போகல. எதனாலன்னு எனக்குத் தெரியலம்மா. நீதான் சொல்லணும்."

படம் கறுப்பானது. சத்தமும் நின்றது.

"பாத்தீங்களாம்மா, போச்சு" என்றார் சிவபாதம். குரல் உடைந்துவிட்டது. பழகிப்போன விரல் சிவப்புப் பட்டனுக்குப் போனது.

குரு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போகலய்யா. போன்ல மேல பாருங்க, கால் நேரம் ஓடிட்டுதான் இருக்கு. கேமராவை அணைச்சு முகத்தைத்தான் மறைச்சுக்கிட்டா. லைன்லதான் இருக்கா."