நிலைப்படி தடுத்த சக்கரவர்த்தி

கேளுங்கள். கடிகாரம் என்ற ஒன்றை யாரும் பார்த்திராத காலத்தில், சீன தேசத்தில் ஒரு சக்கரவர்த்தி இருந்தார். அவர் அரண்மனைக்கு ஐந்து வழி வைத்த பெரிய கோட்டைவாசல். சிவப்புக் கதவுகள். ஒவ்வொரு கதவிலும் ஒன்பது வரிசை, வரிசைக்கு ஒன்பது பொன்குமிழ். நடுவழி சக்கரவர்த்திக்கு மட்டும். வேறு யாராவது அதில் கால் வைத்தால் கால் மிஞ்சாது.

இத்தனை இருந்தும் மனுஷருக்கு ஒரு குறை. உள்ளே வருகிறவர்கள் தலை நிமிர்ந்து வருகிறார்களாம்.

“நுழைகிற ஒவ்வொரு தலையும் குனியவேண்டும். காவலர் அதட்டக்கூடாது. வாசலே குனியவைக்க வேண்டும்” என்று தச்சர்களுக்கு உத்தரவு போட்டார்.

முதல் தச்சன் வாசலின் உயரத்தைக் குறைத்தான். சேனாபதியின் நெற்றி புடைத்தது. தச்சன் சிறைக்குப் போனான்.

இரண்டாவது தச்சன் தரையை மெழுகு போட்டு வழவழப்பாக்கினான். கீழே பார்த்து நடப்பார்கள் என்று நினைத்தான். மந்திரிகள் குனியவில்லை, விழுந்தார்கள். அவனும் சிறைக்குப் போனான்.

மூன்றாவதாக ஹுவாய் என்ற தச்சனைக் கூப்பிட்டார்கள். அவன் மூன்று நாள் வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிற கால்களையே பார்த்தான். பிறகு ஐந்து வழியிலும் முழங்கால் உயரத்துக்கு நிலைப்படி வைத்தான்.

காலைத் தூக்கினால்தான் தாண்டலாம், கீழே பார்த்தால்தான் தூக்கலாம். மந்திரி குனிந்தார். சேனாபதி நெற்றியைத் தடவிக்கொண்டே குனிந்தார். அயல்நாட்டுத் தூதரும் குனிந்தார். மாடத்திலிருந்து பார்த்த சக்கரவர்த்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் பின்வாசல் வழியாக வேட்டைக்குப் போனார். ஏழு நாள் கழித்து நடுவழியாகத் திரும்பினார். வழக்கம்போல் முகத்தை வானத்தில் வைத்துக்கொண்டு வந்தவர், நிலைப்படி தடுக்கிக் குப்புற விழுந்தார். கிரீடம் வெளிப்பக்கமே விழுந்தது.

“என் தலையையுமா குனியவைத்தாய்? பொழுது சாய்வதற்குள் உன் தலை இருக்காது” என்று தச்சனைப் பார்த்துக் கத்தினார்.

பரிசு கிடைக்கும் என்று ஓரமாக நின்றிருந்த ஹுவாய் தரையில் விழுந்து கும்பிட்டான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஒவ்வொரு தலையும் என்றுதானே சொன்னீர்கள், அரசே? என் தலையை அப்புறம் எடுக்கலாம். முதலில் கிரீடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவழியில் நாங்கள் யாரும் கால் வைக்கமுடியாதே.”

நியாயம்தான். சக்கரவர்த்தி தானே குனிந்தார். நிலைப்படி ஓரத்தில், கிரீடத்துக்கு அடியில், மடித்த காகிதங்கள் கிடந்தன.

“இதெல்லாம் என்ன?”

“மனுக்கள், அரசே. நீங்கள் மட்டும் வருகிற வழி என்று ஜனங்கள் இங்கேதான் வீசிவிட்டுப் போவார்கள். இதுவரை காற்று அடித்துக்கொண்டு போனது. இப்போது நிலைப்படி தடுத்து வைத்திருக்கிறது.”

மேலே இருந்தது முதல் தச்சனின் மனைவி எழுதியது. ‘நீங்கள் சொன்னதைத்தான் அவர் செய்தார். அப்பா எங்கே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல?’

சக்கரவர்த்திக்கு வெட்கமாக இருந்தது. அந்த நிலைப்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார். பொழுது சாய்ந்தது. ஹுவாயின் தலை அதன் இடத்திலேயே இருந்தது.

அந்த ஒரு நாள் மட்டும், சிறையிலிருந்த இரண்டு தச்சர்களும் நடுவழியாகவே வீட்டுக்குப் போனார்கள். அதன்பின் சக்கரவர்த்தி ஒருநாளும் அங்கே தடுக்கி விழவில்லை. காகிதம் கிடக்கிறதா என்று பார்த்துத்தான் காலை எடுத்து வைத்தார்.

ஊரார் தலை தன் முன்னால் குனியவேண்டும் என்று நினைக்கிறவர், தம் காலடியில் கிடக்கும் குறையைப் பார்க்க முதலில் தாம் குனியவேண்டும்.