வேறொரு கை

மலையடிவாரத்தில் பூரணி அம்மாளின் மடம் இருந்தது. அடிபட்ட விலங்குகளுக்கு அதன் கதவு எப்போதும் திறந்திருக்கும். சீடர்கள் ஆளுக்கொன்றைத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தேற்றுவார்கள். தேறியதும், கடைசிவரை வைத்துக் காப்பாற்றும் ஒரு வீட்டுக்கு அதை அனுப்பிவிடுவார்கள். மடத்தில் ஒரே ஒரு கட்டளைதான்: புண் ஆறத் தொடங்கியதும், தினம் ஒரு வேளையாவது வேறொரு கை சோறு வைக்க வேண்டும்.

நல்லசிவம் அந்தக் கட்டளையைக் காற்றில் பறக்கவிட்டார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அம்மாளைவிட வயதில் மூத்த சீடர். லாரியில் அடிபட்ட செவலை நாய் ஒன்று அவர் வீட்டில் தேறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மாரியப்பன் சோறு வைக்க வந்தால், "அது பயந்த சுபாவம், நானே பாத்துக்கிறேன்" என்று அனுப்பிவிடுவார். வாழ்நாளெல்லாம் ஏறி இறங்கிப் போகிற ஜனத்தையே பார்த்த மனுஷர். தன் கைக்காக மட்டும் ஒரு ஜீவன் காத்திருப்பது அவருக்கு அப்படி இனித்தது.

கண் ஆபரேஷனுக்கு மதுரை போய்விட்டு வந்தபோது, செவலைக்கு விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. யார் வைத்தும் அது தொடவில்லையாம். அவரைக் கண்டதும் தள்ளாடி எழுந்து வந்து கையை நக்கியது. அவருக்கு அழுகை வந்தது. கூடவே பெருமையும் வந்தது.

செவலையைக் கூட்டிப்போக, கோவில்பட்டித் தையல்காரி எஸ்தர் அந்த வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. நல்லசிவம் மடத்துக்கு ஓடினார்.

"அம்மா, எஸ்தரை வரவேண்டாம்னு சொல்லிடுங்க. நான் இல்லேன்னா அது செத்துப்போயிடும். என் மேல அவ்வளவு அன்பு. பிரிக்கிறது பாவமில்லையா?"

அம்மாள் அவரைச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார். மத்தியானம் அவரை உட்காரவைத்து இலை போட்டார். சுடுசோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம்.

"நான் வந்து சொல்ற வரைக்கும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

குரு சொல்லைத் தட்டலாமா? நல்லசிவம் காத்திருந்தார். சோறு ஆறியது. அப்பளம் நமத்துப் போனது. "சாப்பிடுங்களேன் அண்ணே" என்று அடுக்களையிலிருந்து இரண்டு பேர் வந்து கெஞ்சிப் பார்த்தார்கள். அவர் மறுத்துவிட்டார். வெயில் தாழ்ந்த பிறகுதான் அம்மாள் வந்தார்.

"பசிக்குதா, நல்லசிவமய்யா?"

"கண்ணு இருட்டுதும்மா."

"அடேயப்பா! என் மேல உங்களுக்கு எவ்வளவு அன்பு!"

நல்லசிவம் தலை குனிந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எஸ்தரைக் கொஞ்ச நாள் கழிச்சு வரச் சொல்லுங்கம்மா. அதுக்குள்ள பழக்கிடுறேன்."

"சாப்பிடுங்க" என்றார் அம்மாள்.

அன்றே நல்லசிவம் மாரியப்பனைக் கூப்பிட்டார். மாரியப்பனின் உள்ளங்கையில் சோற்று உருண்டையை வைத்து, அந்தக் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்துச் செவலைக்கு ஊட்டினார். சில நாளில் தன் கையை எடுத்தார். பிறகு தள்ளி நின்றார். பிறகு தெருவுக்கே போய்விட்டார். உள்ளே செவலை முனகும்போதெல்லாம் அவர் கால் வீட்டுப் பக்கம் திரும்பும். பல்லைக் கடித்துக்கொண்டு தெருக்கோடிவரை நடப்பார். மாரியப்பன் தட்டு காலியானதைக் காட்டிய பிறகுதான் வீட்டுக்குள் வருவார்.

எஸ்தர் வந்த அன்று நல்லசிவம் செவலையை மடத்துக்குக் கூட்டிப்போனார். மடத்து வாசலில் அவள் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையில் சோற்றை வைத்து நீட்டினாள். செவலை மோந்து பார்த்தது. ஒரு பருக்கை விடாமல் தின்றது. வாலை ஆட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் ஆட்டோவில் தாவி ஏறிக்கொண்டது.

ஆட்டோ வளைவில் மறையும்வரை நல்லசிவம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"திரும்பிக்கூடப் பாக்கலேம்மா" என்றார்.

அம்மாள் சொன்னார்:

"நல்லா வளத்திருக்கீங்க."