மூன்று தலையாட்டலுக்கு ஒரு சொல்

கோணற்பாறை ஊரார் எச்சரிக்கை மிக்கவர்கள். அவர்களுக்கு நேர்ந்த துன்பங்கள் அனைத்தும் எச்சரிக்கையால் நேர்ந்தவையே.

அவ்வூர்க் கொண்டல்சாமியின் மகள் அல்லி, சுவீடனில் வேலை பார்த்த இடத்தில் எரிக் என்பவனை விரும்பினாள். அவன் தந்தை ஸ்பெயின்காரர், தாய் போர்ச்சுகல்காரி, அவன் வளர்ந்ததோ சுவீடனில். மூவரும் திருமணத்துக்கு வந்து இறங்கினார்கள்.

பெண்ணின் தாய்மாமன் பூவலிங்கம், கைப்பேசியில் கற்ற புலமையை வாசலிலேயே காட்டினார். மாப்பிள்ளையின் தோளைத் தட்டி, "புத்தோ!" என்றார். போர்ச்சுகலில் அது பொடியனைச் செல்லமாக அழைக்கும் கொச்சைச் சொல், தாய் பூரித்தாள். ஸ்பெயினில் அதுவே நாக்கூசும் வசவு. தந்தை முகம் சிவந்து, இறக்கிய பெட்டியை மறுபடி வண்டியில் ஏற்றினார். சுவீடனில் வளர்ந்த மகன் இருவருக்கும் நடுவில் விழித்தான்.

அல்லி கெஞ்சிக் கூத்தாடிப் பெட்டியை இறக்கவைத்தாள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கல்யாணமே நின்னுடும், மாமா. ஒருத்தருக்குக் கொஞ்சல், இன்னொருத்தருக்குத் திட்டு. மூணு பேரும் தலையாட்டாத சொல்லை அவங்க காதுபட யாரும் சொல்லக் கூடாது!"

சமையல் கொட்டகைக்குப் பின்னால் சபை கூடியது.

"நம்ம தமிழ்ச் சொல்லுமா மச்சான்?" என்றார் கொண்டல்சாமி.

"பின்னே? 'வாங்க'ன்னா அவங்க ஊர்ல என்ன அர்த்தமோ, யார் கண்டா?" என்றார் பூவலிங்கம்.

"ஐயோ, காலையில நாலு தடவை சொல்லிட்டேனே!"

மறுநாள் விடிந்தது முதல் பூவலிங்கம் ஒரு நோட்டும் சிவப்புப் பேனாவுமாக மூவர் எதிரே அமர்ந்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். மூவரும் தலையாட்டினால் தேர்ச்சி. ஒரு முகம் கோணினாலும் சிவப்புக் கோடு. மாலைக்குள் உப்பு, மூக்கு, எருமை, போதும் முதலிய பதினோரு சொற்கள் தேறின. "கெட்டிமேளம்" வாசிக்கும்போது ஸ்பெயின்காரர் தும்மிவிட்டார்.

திருமணத்தன்று கொண்டல்சாமி வரவேற்புரை நிகழ்த்தினார். "உப்பு! மூக்கு! எருமை!" என்று தழுதழுத்தார். சம்பந்திகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

முகூர்த்தம் முடிய ஆறு நிமிடமே இருந்தது. மாப்பிள்ளை கையில் தாலி. தாய்மாமன் குரல் கொடுத்தால்தான் மேளம் கொட்டும். மேளம் கொட்டினால்தான் தாலி ஏறும். பூவலிங்கம் வாயை இறுக மூடியிருந்தார்.

"மாமா, சொல்லித் தொலைங்க!" என்றாள் அல்லி.

அவர் நோட்டைத் திறந்து சிவப்புக் கோட்டைக் காட்டினார்.

நான்கு நிமிடம். இரண்டு. அந்த ஒரு சொல்லை மாதக்கணக்கில் பழகிவந்திருந்த எரிக், பொறுக்கமாட்டாமல் தானே எழுந்து, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தினான். மேளம் முழங்கியது, தாலி ஏறியது.

ஊர் உறைந்துபோயிற்று. மறுபடியும் கொட்டகைக்குப் பின்னால் ஓடினார்கள்.

"பெத்த அப்பனை, மணவறையில வெச்சுத் திட்டிட்டானே!"

"அந்த மனுஷன் பதிலுக்கு ஒண்ணு திட்டட்டும். அப்பத்தான் அவர் மனசு ஆறும்."

சிவப்புக் கோடிட்ட சொற்களுள் மிகக் கொடியதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதை வாசித்த வேளையில் மூவர் வாயிலும் கொதிக்கக் கொதிக்கக் காப்பி இருந்ததால், மூவருமே முகம் சுளித்த ஒரே சொல் அது. அதை மாப்பிள்ளையின் தந்தைக்குத் தெரிந்த எழுத்தில் எழுதி நீட்டினார்கள்.

ஸ்பெயின்காரர் மகிழ்ந்து, மகன் தலையில் கை வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்: "அன்பு."

"போதும்! போதும்!" என்று, தேறியவற்றுள் பொருத்தமான ஒரே சொல்லால் அலறியபடி, கொண்டல்சாமி பாய்ந்து வந்து மகளின் இரு காதுகளையும் பொத்தினார்.