ஐந்தாவது விதிக்கு ஒரு கேள்விக்குறி

“மூணாவது தடவையும் திருப்பி அனுப்பிட்டாங்க, மேடம். இனி என்னால முடியாது.”

தாமரைச்செல்வன் கையிலிருந்த தாள்களை மேசைமேல் போட்டுவிட்டு உட்கார்ந்தார். இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே வந்த களைப்பு. அதற்கும் மேல், சமூகவியல் சொல்லிக்கொடுத்தே நரைத்துப்போன களைப்பு.

எதிரே பியாட்ரிஸ். அவரும் சமூகவியல் ஆசிரியைதான், வேறு கல்லூரியில். வயதில் இவரைவிடச் சின்னவர். ஆனாலும் அந்தப் பக்கத்துச் சமூகவியல் ஆசிரியர்களுக்கு ஏதாவது குழப்பம் என்றால் அவரிடம்தான் போவார்கள். பதில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. டீ கிடைக்கும்.

பொதுப் பெட்டியைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். பெட்டி என்று பேர், கணினியில் ஒரு இடம், அவ்வளவே. தன் வகுப்பில் நன்றாக அமைந்த பாடத்தை ஒருவர் அதில் போட்டால், எந்தக் கல்லூரி ஆசிரியரும் எடுத்து நடத்தலாம். போடுவதற்கு முன் இன்னொரு ஆசிரியர் படித்துக் கருத்துச் சொல்வார். எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது. படித்தது யார் என்று எழுதியவருக்கும் தெரியாது. பியாட்ரிஸுக்கு இரண்டும் தெரியும். வாயைத் திறக்க மாட்டார்.

“என்ன சொல்லியிருக்காங்க?”

“என்னத்தைச் சொன்னாங்க! ஐந்தாவது விதிக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி. முதல் தடவையும் அதேதான். பாடத்தோட நோக்கம் எழுதலையோன்னு எழுதிச் சேர்த்தேன். மறுபடியும் கேள்விக்குறி. மேற்கோள் நூல்களைச் சேர்த்தேன். மறுபடியும் கேள்விக்குறி. ரெண்டு வார்த்தை எழுதினா குறைஞ்சா போயிடுவாங்க?”

“பாடத்தைச் சொல்லுங்க.”

சொன்னார். சொல்லச் சொல்லக் களைப்பு கொஞ்சம் விலகியது. பெயர் சொல்லிக்கொள்ள அவரிடம் இருந்த ஒரே பாடம் அது. மாணவர்கள் தாங்கள் குடியிருக்கும் தெருவை நினைவிலிருந்து வரைய வேண்டும். எந்தெந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்திருக்கிறார்களோ, அந்தந்த வீட்டுக்கு ஒரு டிக் போட வேண்டும். மணி அடிக்கும்வரை நேரம். பிறகு ஆசிரியர் எதையும் விளக்க வேண்டியதில்லை, படமே பேசிவிடும்.

“ஐந்தாவது விதி?”

“வெறும் தாளைக் கொடுத்தா மார்க் இல்ல. அதுல என்ன மேடம் கேள்வி? வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு சோம்பேறி இருக்கத்தானே செய்யும். போன வாரம்கூட, இசக்கியம்மாள்னு ஒரு பிள்ளை. நல்லாப் படிக்கிற பிள்ளைதான். எல்லாரும் வரையுறாங்க, அது பென்சிலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. கடைசியில வெறும் தாளை நீட்டுச்சு. ரப்பர் வெச்சு அழிச்ச தடம்தான் இருந்தது. முட்டை போட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் வகுப்புக்கே வரலை.”

பியாட்ரிஸ் எழுந்தார். பக்கத்து வகுப்பறை காலியாக இருந்தது. உள்ளே போய்ப் பலகையைக் காட்டி, ஒரு சாக்பீஸை நீட்டினார்.

“உங்க தெருவை வரைங்க, சார்.”

“நானா?”

“மணி அடிக்கிற வரைக்கும் நேரம் இருக்கு.”

தாமரைச்செல்வனுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை வகுப்புக்கு நடத்திய பாடம்! தான் ஒருமுறைகூட வரைந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதனால் என்ன? மளமளவென்று வரைந்தார். தெருமுனையில் மாவு மில், தள்ளி ஒரு அடிபம்பு, இரண்டு பக்கமும் வீடுகள். நடுவில் அவர் வாடகைக்கு இருக்கும் மாடி.

டிக் போடக் கையைத் தூக்கினார்.

கீழ்வீடு, வீட்டுக்காரருடையது. வீடு கேட்டு வந்த அன்று அவர் இவருடைய சொந்த ஊரைக் கேட்டார். பிறகு, ஊரில் எந்தத் தெரு என்றும் கேட்டார். இவர் மறைக்காமல் சொன்னார். வீடு கிடைத்தது. நல்ல மனிதர். பொங்கலுக்குப் பொங்கல் கரும்பு கொடுப்பார், வாசலில் வைத்து.

எதிர்வீடு. அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் வாங்க நாயாய் அலைந்தது இவர்தான். இடம் கிடைத்ததும் கேட் அருகே வந்து ஜூஸ் கொடுத்தார்கள். பேப்பர் கப்பில்.

மாவு மில்காரர் வீடு. போன கோடையில் இவர் தலைசுற்றி அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டார். பதறிப்போய், கடைக்கு ஆள் அனுப்பி சோடா வாங்கிக் கொடுத்தார்கள். எவ்வளவு அக்கறை என்று அன்றைக்கு நெகிழ்ந்துபோனார். அவர்கள் வீட்டில் தண்ணீர் இல்லாமலா இருந்திருக்கும்?

சாக்பீஸ் பலகையைத் தொடவில்லை. முகம் சுட்டது. எல்லாம் தெரிந்தும் தெரியாத மாதிரியே காலத்தை ஓட்டிவிட்டோமே என்று வலித்தது.

வராந்தாவில் பேச்சும் சிரிப்பும் கேட்டன. அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள்.

அவர் டஸ்டரைத் தேடினார். அகப்படவில்லை. உள்ளங்கையாலேயே அழித்தார். மாவு மில்லை, அடிபம்பை, வீடுகளை, மாடியை, எல்லாவற்றையும்.

மணி அடித்தது.

பியாட்ரிஸ் பலகையைப் பார்த்தார். கைத்தடம்தான் இருந்தது.

“மார்க் எவ்வளவு போடட்டும், சார்?”